என் பெயரில் இருந்த வீடு

1

போன வாரம் இலையுதிர்கால விடுமுறை முடிந்து முதல் நாள் பள்ளிக்கூடம் போய் வந்த என் மகள், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். அவளுக்குப் பதினொரு வயது. வகுப்பில் எல்லோரும் விடுமுறைக்குத் தங்கள் மலைவீட்டுக்குப் போய் வந்த கதையை எழுதினார்களாம். இந்த நாட்டில் வசதி கொஞ்சம் உள்ளவர்களுக்கெல்லாம் மலையிலோ கடலோரத்திலோ மரத்தால் கட்டிய இரண்டாவது வீடு ஒன்று இருக்கும். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இவள் நூலகத்துக்குப் போன கதையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்களுக்கு இலங்கையில் வீடு இருக்கிறதா?" என்று நோர்வே மொழியில் கேட்டாள். அவள் கேட்பது நோர்வே மொழியில், நான் பதில் சொல்வது தமிழில். இரண்டு பேருக்கும் இது பழகிவிட்டது.

"இல்ல. மாமிக்கு, என்ட அக்காக்கு, இரிக்கி."

"முன்பு இருந்ததா?"

"நாலு வருசம் என்ட பேரில ஒரு வீடு இருந்தது."

"பிறகு?"

அடுப்பில் பருப்பு இருந்தது. பருப்பைச் சாட்டாக வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். அவளும் விட்டுவிட்டாள். என்னிடம் இரண்டாவது தடவை எதையும் கேட்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். அது என்னைச் சுட்டது. அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது விளங்கும், அதனால் உங்கள் முன் வெட்கமும் கூடுதலாகவே இருக்கிறது.

2

நான் நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்தது சுனாமிக்கு அடுத்த வருடம், ஓகஸ்ட் கடைசியில். கரையோர மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய ஒரு புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. கடல் எங்கள் ஊரை வழித்துக்கொண்டு போன எட்டாம் மாதம், அதே கடலைப் பற்றிப் படிக்க நான் விமானம் ஏறினேன்.

எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு நீள ரோட்டும் கொஞ்சம் தென்னையும் நாங்களும். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அப்பா நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே மஞ்சட்காமாலையில் போய்விட்டார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வாவிப் பக்கம் ஓடியதால் இருவரும் தப்பினார்கள். நான் கொழும்பில் நண்பனின் அறையில் நித்திரையில் இருந்தேன். ஊருக்கு வந்து பார்த்தபோது எங்கள் வளவில் கிணறும் கக்கூசின் அத்திவாரமும் மட்டும் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் பதினாறு பேர் இல்லை.

அப்படி ஒரு இடத்திலிருந்து வந்தவனை பேர்கனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது இங்கே மரியாதை. மாணவர் விடுதியில் எட்டு அறைக்கு ஒரு சமையலறை. குளிர்பெட்டியில் எட்டுத் தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. என் தட்டில் எனக்கு முன்னால் இருந்தவனின் பெயர் ஒட்டியிருந்தது. அதை உரித்துவிட்டு என் பெயரை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. சோற்றை ஆக்கினால் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுத் தின்பேன். மணம் பற்றி யாரும் முறையிடவில்லை. யன்னலைத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

மழை வேறு. எங்கள் மாரி மழை சண்டைக்காரி, வந்து கத்தித் தீர்த்துவிட்டுப் போய்விடுவாள். இது நாள் முழுக்கச் சிணுங்குகிற மழை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நூலகத்தில் 'நன்றி' என்று சொன்னேனென்றால் அடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான். ஒரு ஞாயிறு என் குரல் இன்னும் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கட்டிலில் இருந்தபடி, பஸ் கொண்டக்டர் கத்துவது போல, களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு வரை ஊர்களைச் சொல்லத் தொடங்கினேன். "களுதாவளை, தேத்தாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம்..." ஆரையம்பதி வந்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து அறை லார்ஸ். எனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டான். போனில் கதைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். கையில் போன் இல்லை என்பதை அவன் பார்த்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

அவனாவது வந்து தட்டினான் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தனிமை மனிதனை அந்த அளவுக்கு மலிவாக்கிவிடும்.

3

சனிக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சோமாலியக்காரரின் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று வீட்டுக்குப் போன் எடுப்பேன். வீடு என்றால் அப்போது தகரக் கொட்டில். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவின் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது.

"சோறு திண்டியா மனே?"

"ஓம் அம்மா."

"வீடு தாறாங்களாம். கடற்கரையில கட்ட ஒண்ணாவாம், வாவிப் பக்கந்தான் காணி. குடும்பத் தலைவர் ஆர் எண்டு கேக்காங்க. அப்பா இல்ல எண்டன். அப்ப மகன் இரிக்கானா எண்டு கேட்டாங்க. இரி, அக்கா கதைக்கா."

அக்கா சிவமலர் என்னைவிட மூன்று வயது மூப்பு. அப்போது இருபத்தாறு. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"தம்பி, பொம்புளைட பேரிலயும் எடுக்கலாந்தான். ஆனா அதுக்கு மறுகா நாலு கடிதம் கொண்டு வா, அஞ்சு கடிதம் கொண்டு வா எண்டு அலைய வைப்பாங்க. உன்ட பேரைப் போட்டா இந்தப் பட்டியலிலயே வந்திரும். இப்போதைக்கு உன்ட பேரில எடுப்பம். மறுகா மாத்தலாம். என்ன சொல்றாய்?"

"ஓம், போடுங்க" என்றேன். தொலைபேசி அட்டையில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

வேறு ஊர்க்காரர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாயின் வீடு மூத்த மகளுக்குப் போகும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் வளர்வான், கட்டின வீட்டில் வாழ்வான். இடையில் அவனுக்கென்று ஒரு ஓடு கூடக் கிடையாது. கடல் கொண்டுபோன வீடும் அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது. அப்பாவின் பெயர் அதில் எங்கும் இல்லை, அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. சின்ன வயதில் நான் சுவரில் கரியால் கிறுக்கினால் அக்கா, "என்ட வீட்டுச் சுவரில கிறுக்காத" என்று அதட்டுவாள். ஒரு நாளும் நான் அதை மறுத்துப் பேசியதில்லை. சூரியன் கிழக்கே என்பது போல அது ஒரு சங்கதி.

மாசியில் ஒரு தடித்த கடிதம் வந்தது. உள்ளே காணி உத்தரவுப் பத்திரத்தின் பிரதி. என் பெயர், தகப்பன் பெயர், முழுவதும் தட்டச்சில். கூடவே ஒரு புகைப்படம். இரண்டு அறை, முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை, புது ஓடு. அம்மாவும் அக்காவும் வாசலுக்கு வெளியே, படியின் இரண்டு பக்கமும் நின்றார்கள், யாரோ வீட்டுக்கு வந்தவர்களைப் போல.

பத்திரத்தை மேசைக்கு மேலே சுவரில் குத்தினேன். நோர்வே மொழி வகுப்பில் அந்த வாரம் 'என்னிடம் இருக்கிறது' என்று வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். போலந்துக்காரி தன்னிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது என்றாள். சீனாக்காரன் ஒரு தம்பி என்றான். நான், "எனக்கு ஒரு வீடு இருக்கிறது" என்றேன். ஆசிரியை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வகுப்பில் வீடு உள்ளவன் நான் ஒருவன்தான். "எங்கே?" என்று கேட்டார். "தண்ணீருக்குப் பக்கத்தில்" என்றேன். எல்லோரும் 'ஆ' என்றார்கள். லார்ஸ் சுவரில் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் சொந்த வீடா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு சமையலறையில் எனக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினான். அல்லது முன்பும் சொல்லியிருப்பான், எனக்குத்தான் கேட்கவில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பனி கொட்டும் காலையில் எழும்பி, யாரும் என் பெயரைச் சரியாக உச்சரிக்காத ஒரு ஊரில் பல் தீட்டிக்கொண்டு, சுவரில் என் பெயரைப் பார்ப்பேன். பூமியில் ஒரு துண்டுக்கு நான் உரியவன் என்று ஒரு அரசாங்கம் முத்திரை குத்தியிருந்தது.

4

பங்குனியில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வெல்லாவெளிப் பக்கத்து ஆள், பெயர் யோகராசா, கணக்கு வாத்தியார். வாவிக்கு அக்கரையில் அவர்களுக்கு வயல் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பயிற்சிக்கு வந்தவர் அக்காவைப் பார்த்திருக்கிறார், தாயை அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கும் விருப்பம். அதை அவள் சொல்லவில்லை, அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தாய்க்காரி எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம். "வீடு ஆர்ட பேரில இரிக்கி?"

கேட்டதில் பிழையில்லை. மனைவியின் வீட்டில் மாப்பிள்ளை ராசா. மச்சானின் வீட்டில் இருப்பவனை ஊர் வேறு விதமாகப் பேசும். "மாத்தித் தந்த உடன வைகாசியிலயே வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி இருந்தது. ஒஸ்லோவில் உள்ள தூதரகத்துக்குப் போய் ஒரு அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினால், எனக்குப் பதிலாக அம்மாவே கையெழுத்திட்டு வீட்டை அக்காவுக்கு மாற்றலாம். பேர்கனிலிருந்து ஒஸ்லோ ரயிலில் ஏழு மணி நேரம். "வாற கிழமை போறன்" என்றேன்.

அடுத்த வாரம் பரீட்சை. பிறகு வதிவிட உத்தரவைப் புதுப்பிக்கும் காலம். பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவருக்கான யன்னலில் இலக்கத்துண்டு எடுத்துக்கொண்டு நான்கு காலை இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கடிதம் குறைந்தது. பிறகு ஆய்வுக்காக வடக்கே ஒரு தீவில் மணல் அள்ளப் போனேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு நோர்வே முழுக்கக் கோணலாக இருந்தது. வைகாசி போனது, ஆவணியும் போனது. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. "ஏலுமெண்டா கெதியாப் பாரு தம்பி" என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே அவசரம் அது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை உண்மையாகவே ஒஸ்லோ போனேன். தூதரகத்தில் கூட்டமில்லை. ஒரு பெண் பத்திரத்தைத் தந்து, வாசித்துவிட்டு யன்னலுக்கு வரச் சொன்னார். கதிரையில் இருந்து வாசித்தேன். மேற்படி காணியிலும் வீட்டிலும் எனக்குள்ள சகல உரித்துகளையும் என்று ஒரு வரி. என் மாணவ அறையின் குத்தகை ஆனி வரைதான். வதிவிட உத்தரவு வருடத்துக்கு வருடம். அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தால் எனக்கு உலகத்தில் எங்கும் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. இருபத்துநான்கு வயது ஆம்பிளை, முதுமாணி மாணவன், அந்தக் கதிரையில் இருந்து கடதாசியைப் பார்த்து அழப் பார்த்தேன்.

பத்திரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். துறைமுகத்து மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, கொண்டுவந்த பாண் துண்டைத் தின்றேன். பிறகு ரயிலேறி ஏழு மணி நேரம் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் அக்கா போனில் இருந்தாள்.

"என்ன தம்பி, வச்சியா?"

"கந்தோர் பூட்டியிரிந்தது அக்கா. போயா லீவாம்."

எங்கள் நாட்டில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, அரசாங்கக் கந்தோர்கள் பூட்டியிருக்கும். "சரி" என்றாள். "குளிருக்குள்ள அலையாத."

5

அடுத்த மாசி, பங்குனியில் அக்கரைச் சனம் முழுவதும் இக்கரைக்கு வந்தது. வெல்லாவெளிப் பக்கமெல்லாம் ஷெல் விழுந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, ரோட்டாலும் தோணியாலும் வந்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் கிடந்தார்கள். யோகராசாவும் தாயும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா சோறு கட்டிக் கொடுக்க, அக்கா கொண்டு போனாள். கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருக்கலாம். கல்யாணம் முடியாத பெண் இருக்கிற வீடு, அதுவும் தம்பியின் பெயரில் உள்ள வீடு. தாய்க்காரி வர மறுத்துவிட்டார்.

இதெல்லாம் நான் சோமாலியக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கேட்ட செய்திகள். ஒவ்வொரு சனியும், இந்தத் தடவை போய்க் கையெழுத்து வைத்துவிடுவேன் என்று எண்ணிக்கொண்டு வெளியே வருவேன். இப்போது போனால் முதல் தடவை ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி வருமோ என்று பயம் வந்தது. பொய்க்குக் காவல் இருப்பது பெரிய வேலை. படிப்பைவிட அதற்குத்தான் எனக்கு நேரம் போனது.

ஆனியில் அம்மா சாதாரணமாகச் சொன்னார். "யோகராசாத் தம்பி வாழைச்சேனையில கலியாணம் முடிச்சிட்டாராம். தாய்க்குச் சுகமில்ல, தறப்பாளுக்குள்ள எத்தின நாளைக்குக் கிடக்கிற? பொட்டைக்கு வீடு வளவு இரிக்காம். என்ன செய்யிற மனே, அதுகளும் காத்திரிந்து பாத்திச்சிகள்."

"அக்கா எங்க?"

"இஞ்சதான் நிக்கா. இரி."

அக்கா போனை வாங்கினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் பொறுத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"சோறு திண்டியா?" என்று கேட்டாள்.

பிறகும் இரண்டு சம்பந்தங்கள் வந்தன. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இன்றைக்கும் கல்யாணம் செய்யாமல்தான் இருக்கிறாள்.

அன்று அறைக்கு வந்து சுவரில் இருந்த பத்திரத்தைக் கழற்றினேன். கிழித்தெறிந்திருந்தால் வீரனாகியிருப்பேன். ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன்.

6

இரண்டு வருடம் கழித்து, சண்டை ஒரேயடியாக முடிந்த அந்த வைகாசியில், பேர்கன் நகரச் சதுக்கத்தில் தமிழர்கள் மெழுகுதிரியோடு கூடினார்கள். நூறு, நூற்றைம்பது பேர் இருக்கும். அத்தனை தமிழ் அந்த ஊரில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். நான் ஓரத்தில் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, என் கையில் ஒரு திரியைத் தந்தார். கிளிநொச்சிப் பக்கம் என்றார்.

"உங்கட ஆக்கள் உள்ளுக்க இருக்கினமோ தம்பி?"

"இல்ல. நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் ரெண்டு வருசத்துக்கு முந்தியே முடிஞ்சிட்டு. அம்மாவும் அக்காவும் இரிக்காங்க."

"எங்கட அண்ணா ஆக்களோட ஒரு மாசமாத் தொடர்பில்லை. வீடு இருக்கோ இல்லையோ, ஆரும் சொல்லினமில்லை." அவர் என் திரியைத் தன்னுடையதால் பற்றவைத்தார். "உங்களுக்கு வீடு இருக்கோ?"

மொழி வகுப்பில் ஆறு மாதப் பழக்கத்தில் வாய் கூசாமல் சொன்ன வாக்கியம் அது. அன்று என் சொந்தத் தமிழில் எனக்கு வரவில்லை. "அக்காட வீடு இரிக்கி" என்றேன். சொல்லி முடித்ததும் முகத்தில் இரத்தம் ஏறியது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்குத் திரி கொடுக்கப் போனார்.

அடுத்த நாளே டிக்கெட் பதிந்தேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஆடி முடிவில் புறப்பட்டேன். கொழும்பிலிருந்து ஊர் வரை எத்தனை சோதனைச்சாவடி என்று எண்ணுவதை மூன்றாவது தடவை பஸ்ஸால் இறக்கியதோடு விட்டுவிட்டேன். வீட்டு ஒழுங்கையில் பக்கத்து வளவு மாமி என்னைக் கண்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இஞ்ச பாருங்க, வீட்டுக்காரர் வந்திட்டார்." பகிடிக்குத்தான் சொன்னார். நான் பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அம்மா மெலிந்திருந்தார். அக்காவின் காதோரம் இரண்டு மூன்று நரை. முப்பது வயது. வீடு புகைப்படத்தில் பார்த்த மாதிரி இல்லை. கட்டித் தந்தவர்கள் வைத்த குசினிக்குள் விறகு எரிக்க முடியாதென்று அக்கா பின்னுக்குக் கிடுகால் ஒரு குசினி போட்டிருந்தாள். முன்னால் செவ்வரத்தை, ஓரத்தில் முருங்கை, கிணற்றுக்குக் கட்டு. விறாந்தைச் சுவரில் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் கீறிய படங்கள். என் பெயருள்ள வீட்டில் என் கை பட்டதென்று ஒன்றுமே இல்லை.

இரண்டாம் நாள் நானும் அக்காவும் காணிக் கந்தோருக்குப் போனோம். எழுதுவினைஞர் நல்ல மனிதர். "வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள் மத்தவங்கட காணியையும் தங்கட பேரில எழுதக் கேக்காங்க, நீங்க குடுக்க வந்திரிக்கீங்க" என்று மெச்சினார். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று இடத்தில் கையெழுத்து, ஒரு இடத்தில் பெருவிரல். மூன்று வருடத்துக்கு மேல் நான் இழுத்ததை ஒரு காலைப்பொழுது முடித்துவிட்டது.

7

அன்று பின்னேரம் அக்கா கிடுகுக் குசினி வாசலில் பலகையில் இருந்து வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். விமானத்தில் வரும்போது மனதுக்குள் எழுதி வைத்த பேச்சு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு நேரே தொடங்கினேன்.

"அக்கா, ஒஸ்லோவில அண்டைக்குக் கந்தோர் பூட்டியிரிக்கல்ல."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்குப் போயா இல்ல தம்பி. சுவரில கலண்டர் தொங்குது." இறாலின் தலையைக் கிள்ளிச் சட்டிக்கு வெளியே போட்டாள். "இலங்கையில இரிக்கிறவளுக்குப் போயா எண்டு பொய் சொல்ற முதல் ஆள் நீதான்."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்ததைச் சொன்னேன். விடுதி அறையைச் சொன்னேன், சுவரில் குத்தி வைத்ததைச் சொன்னேன், தனியே இருந்து பஸ் ஊர்களின் பெயர் சொன்னதைக்கூடச் சொன்னேன். "ஒருத்தரும் இல்லாத ஊரில அந்தக் கடதாசி ஒண்டுதான் அக்கா எனக்கு இரிந்தது. அதைக் குடுக்க எனக்கு மனம் வரல்ல. வேற ஒண்டுமில்ல." யோகராசாவின் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கத் துணிவில்லை.

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். சட்டியில் பாதிக்கு மேல் வந்த பிறகுதான் பேசினாள்.

"அம்மாட்ட நான் அப்பவே சொன்னன், அவனுக்கு அது வேணும் போல எண்டு. அம்மா நம்பல்ல. ஆம்பிளப் புள்ளைக்கு வீடு என்னத்துக்கு எண்டு கேட்டா."

"கோவமா அக்கா?"

"கோவந்தான். இல்லாம?" என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுக்காக இல்ல. நீ கேட்டிரிந்தா நானே தந்திரிப்பன். எனக்கு இது வேணும் அக்கா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா, அவர்ட்டயும் நேர சொல்லியிரிப்பன், வீடு தம்பிட, விருப்பமெண்டா வாங்க, இல்லாட்டி வேற இடம் பாருங்க எண்டு. வந்தும் இரிப்பாரு, ஆருக்குத் தெரியும். அவர் என்னைப் பாத்துக்கிட்டு இரிந்தாரு. நான் உன்னைப் பாத்துக்கிட்டு இரிந்தன். நீ ஒண்டும் சொல்லல்ல."

நான் அழுதேன். தேற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தால் அது என் பிழை. கை இறால் நாற்றம், அதனால் தொடவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எழும்பி, கிணற்றடியில் இறாலைக் கழுவிக்கொண்டு வந்தாள். அடுப்பை ஊதினாள். மஞ்சளைப் போட்டுப் பிரட்டினாள். முருங்கை இலைக்குள் காகம் ஒன்று இறால் தலைகளைப் பார்த்தபடி இருந்தது.

"எப்ப போறாய்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பதுதான்.

"வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வெளிக்கிடணும். புதன்தான் பிளேன். கூட்டாளி ஒருத்தன்ட அறையில நிக்கலாம் எண்டு நினைச்சன்."

அவள் சட்டியைக் கிளறினாள். நான் எழும்பினேன். வேறு யாருடைய வீட்டுக் குசினி வாசலில் நிற்பதென்றாலும் இப்படித்தான் நிற்பேன், கதவு நிலையைத் தொடாமல். அந்த வீட்டில் நான் எதையும் கேட்டதில்லை, பழைய வீட்டிலும் கேட்டதில்லை. ஆண்பிள்ளை, பசித்தால் கத்துவான், கிடைக்கும். இப்போது கேட்டேன்.

"அக்கா, இன்னும் நாலு நாள் இஞ்ச இரிந்திட்டுப் போகட்டா?"

அவள் அகப்பையால் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. அன்று காலையிலிருந்து அது கடதாசியிலும் இருந்தது.

"இரி" என்றாள்.